மூன்று கூழாங்கற்களுடன் நொச்சிநாட்டுக்கு அனுப்பிய ஓலை

குன்றின் உச்சியில் கோயில் கொண்டு, உழுகிறவர் கலத்திலும் மேய்க்கிறவர் கலத்திலும் நாள்தோறும் ஒரு கவளமேனும் விழச் செய்தருளும் இறைவனின் திருவருள் முன்னிற்க. ஏழு குன்றுகளுக்கும் அவற்றின் நடுவே பரந்த முகிலைநாட்டுக்கும் உரியவராகிய அரசர் நள்ளிச்செம்மலார் திருவாய் மலர்ந்தபடி, அவருடைய ஓலைநாயகம் எழுதுவது. நொச்சிநாட்டின் காவலரும் கடலோரத் துறைகள் நான்குக்கும் தலைவருமாகிய பெருஞ்சாத்தனார் திருமுன்பு காண்க. தங்கள் ஆறுகள் கரைக்குள் ஓடுக; தங்கள் களங்களில் நெல் நனையாதிருக்க; தங்கள் மனையில் பசியோடு உறங்குவார் ஒருவரும் இல்லாதிருக்க.

தாங்கள் கார்த்திகைத் திங்களில் விடுத்த ஓலை வந்து சேர்ந்தது. முகிலைநாட்டில் ஓலை சுமந்து ஓடுவோர்க்கு அரசரின் மடைப்பள்ளியிலிருந்தே இலை போடப்படுகிறது என்று கேள்வியுற்றதாகவும், அச்சிறப்பால்தான் எங்கள் ஓட்டர்கள் மலைப்பாதையில் குதிரையையும் முந்துகிறார்கள் என்று தங்கள் அவையோர் கருதுவதாகவும், ஆகவே அவ்விலையில் இடப்படும் பண்டங்களின் வகையை எழுதி அனுப்பினால் தங்கள் ஓட்டர்களுக்கும் அவ்வாறே செய்விக்க விரும்புவதாகவும் அதில் கண்டிருந்தது. ஓலையை அரசர் மறுமுறையும் படிக்கச் சொல்லிக் கேட்டார். பின்னர், பண்டங்களின் வகையை எழுத வேண்டாம் என்றும், அவ்விலையால் நேர்ந்ததை எழுத வேண்டும் என்றும், தாம் தவறிய இடத்தில் தவறினார் என்றே எழுத வேண்டும் என்றும் கட்டளையிட்டார். கொற்றி என்னும் அடுக்களைப் பெண்ணும், விடங்கன் என்னும் ஓட்டர்தலைவரும் சொன்ன சொற்களை அவை நாகரிகத்துக்காகத் திருத்தாமல், அவர்கள் வாயில் வந்தபடியே எழுத வேண்டும் என்றும் சொன்னார். அவ்வாறே எழுதப்படுகிறது.

எங்கள் தலைநகரின் மேற்கு வாயிலுக்கு வெளியே, மலைப்பாதை தொடங்கும் இடத்தில் கால்மனை என்னும் நீண்ட கூரைவீடு ஒன்று உண்டு. ஓட்டர்கள் நாற்பது பேரும் அங்கேதான் தங்குவார்கள். அதன் அடுக்களையைப் பதினெட்டு ஆண்டுகள் பார்த்துக்கொண்டவர் கொற்றி. மலைக்கோயிலில் விளக்குக்கு எண்ணெய் வார்த்துவிட்டு வந்துதான் அடுப்பு மூட்டுவார். அளவுநாழி ஒன்று அவரிடம் இருந்தது. ஆனால் அதை அரிசி அளக்க எடுத்ததைவிடக் கோழிகளுக்குத் தண்ணீர் வைக்க எடுத்ததுதான் மிகுதி.

அவருடைய அளவு கூழாங்கல்தான். மறுநாள் ஓட வேண்டிய ஒவ்வொருவரும் மாலையில் அடுக்களை வாயிற்படியில் கல் வைக்க வேண்டும் என்பது அவர் ஏற்படுத்திய வழக்கம். அடுத்த ஊர் வரை என்றால் ஒரு கல். இரண்டு குன்று தாண்ட வேண்டுமென்றால் இரண்டு. மூன்றாம் குன்றுக்கு அப்பால் என்றால் மூன்று. கல் வைக்காதவருக்கு மறுநாள் ஓய்வு. படியைப் பார்த்துவிட்டுத்தான் கொற்றி உலை வைப்பார். மூன்று கல் வைத்தவருக்கு முதல்நாளே கைக்குத்தல் அரிசிச் சோறு வயிறார விழும். விடிந்ததும் கருப்பட்டி கரைத்த தினைக்கஞ்சி அரைவயிறு; அது இறங்கி இரண்டு நாழிகை ஆனபின்தான் ஓலையைத் தொட விடுவார். ஓய்வில் இருப்பவருக்குச் சோறு குறையும். கீரையும் பயறும் கூடும். கேழ்வரகுக் களி, கொள்ளுச்சாறு, முருங்கைக்கீரை, எள்ளுருண்டை, பிரண்டைத் துவையல், ஆறு வற்றும் காலத்தில் சிறுமீன் ஆகியவையே அவருடைய அடுக்களையின் பெருஞ்செல்வம். ஓடித் திரும்பியவர் வியர்வை அடங்கும் முன் சோறு கேட்டால் கிடைக்காது. உப்பிட்ட நீர்மோர் ஒரு குவளை கொடுத்துக் கால் நீட்டி உட்காரச் சொல்வார். வந்தவரின் குதிகாலையும் உதட்டையும் பார்த்த பிறகே அகப்பையை எடுப்பார்.

புதிதாகச் சேர்ந்த ஒருவர், ஒரே திங்களில் தமக்குத் தொடை திரண்டுவிட வேண்டும் என்று இரட்டைப் பங்கு கேட்டாராம். "தொடை அடுப்புல வேகுறதில்லை, தம்பி. ஓடு, தின்னு, தூங்கு, மறுபடி ஓடு. மெதுவாத்தான் வரும்" என்று சொல்லி ஒரு பங்குதான் போட்டாராம் கொற்றி. அந்தப் புதியவர் மூன்றாம் ஆண்டில் கோயில்மலைப் படி ஆயிரத்தையும் வட்டில் மூழ்கும் முன் ஏறி முடித்தார். ஓட்டர்கள் பங்குனிதோறும் தேர்வுக்காக ஏறும் படி அது. கீழே துளையிட்ட வட்டிலை நீரில் மிதக்க விட்டுவிடுவார்கள். அது நிறைந்து மூழ்கும் முன் உச்சியில் மணி ஒலிக்க வேண்டும். கொற்றியின் காலத்தில் மணி ஒலிக்கத் தவறியவர் ஆண்டுக்கு ஒருவர், மிஞ்சினால் இருவர்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு வடக்கெல்லையில் பகைப்படை திரண்டதைத் தாங்கள் அறிவீர்கள். அச்செய்தியை ஐந்து குன்று தாண்டி ஒரே பகலில் கொண்டுவந்து சேர்த்தவர் விடங்கன். கோட்டைக்கதவு அடைபட்ட பின்பே பகைவரின் புழுதி தெரிந்தது. நகரம் பிழைத்தது. அரசர் விடங்கனைத் தழுவிக்கொண்டு, இந்தக் கால்களுக்கு என்ன உணவு கொடுக்கிறார்கள் என்று கேட்டார். களியும் கொள்ளும் என்று விடங்கன் சொல்ல, அரசரின் கண்கள் நிறைந்துவிட்டன. என் குதிரைகள் தின்பதையா என் நகரைக் காத்தவர்கள் தின்கிறார்கள் என்று அவையில் உரக்கக் கேட்டார். அன்றே ஆணை பிறந்தது. கால்மனையார் நாற்பதின்மருக்கும் இனி மூன்று வேளையும் அரச இலை. வெண்சோறும், நெய்யில் பொரித்த இறைச்சியும், பால்திரட்டுப் பண்டங்களும், அப்பமும், வெல்லப்பாகில் ஊறிய பணியாரமும் மடைப்பள்ளியிலிருந்து சங்கு முழங்க வரும். அது அன்பினால் பிறந்த ஆணை, அதில் ஐயமில்லை. அன்பு கேட்டறிந்து செய்திருந்தால் இவ்வோலை எழுத நேர்ந்திராது என்று அரசர் இவ்விடத்தில் சேர்க்கச் சொன்னார்.

கொற்றிக்கும் குறை வைக்கப்படவில்லை. பொன்கரை இட்ட சேலை ஒன்றும், மலைப்பாதை ஓரத்தில் ஒரு வீடும், இனி அடுப்படியில் வேக வேண்டாம் என்னும் அன்புமொழியும் அவருக்கு அளிக்கப்பட்டன. ஆணையைக் கொண்டுவந்த மடைப்பள்ளி நாயகம், குதிரை பற்றி அரசர் சொன்னதையும் கொற்றியிடம் சொன்னார். கொற்றி கரி படிந்த கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே, "குதிரை ஓடத்தானே செய்யுது, ஐயா?" என்றார். நாயகம் வாய்விட்டுச் சிரித்தார். நல்ல வேடிக்கை என்று எண்ணிச் சிரித்தாரேயன்றி, அதை அரசர் செவிக்குக் கொண்டுவரவில்லை.

அரச இலைக்கு எங்கள் நாட்டில் ஒரு முறை உண்டு. தங்கள் நாட்டிலும் இருக்கக்கூடும். அவ்விலையில் இட்டதை மிச்சம் வைத்தல் அரசரை அவமதித்தல். பரிமாறுகிறவர் நிறுத்தும் வரை உண்கிறவர் கையை விரித்துத் தடுக்கலாகாது. இலை வெறுமையான பின்பே அதை மடிக்கலாம். மடித்த பின்பே எழலாம். பரிமாறுகிறவர்களோ, சிறிதளவு வைத்தால் அரசரின் கை சுருங்கியதாகுமே என்று குவித்து வைத்தார்கள். கால்மனையார் முதல் திங்களில் மகிழ்ந்து உண்டார்கள். இரண்டாம் திங்களில் உண்டார்கள். அதன் பிறகு உண்டு முடித்தார்கள்.

அடுக்களை வாயிற்படியில் கல் வைக்கும் வழக்கமும் நின்றது. அரச இலை எல்லார்க்கும் எந்நாளும் ஒன்றே ஆதலால், நாளை யார் எவ்வளவு தூரம் ஓடுகிறார் என்று கேட்க அங்கே எவரும் இல்லை. விடங்கன் மட்டும் ஓலையோடு மலைப்பாதையில் ஏறும்போது, கொற்றியின் புதுவீட்டு வாயிலில் ஒரு கணம் நின்று, எத்தனை குன்றோ அத்தனை கல்லை வைத்துவிட்டுப் போவார். அவருக்குச் சமைக்கும் வேலை கொற்றிக்கு இப்போது இல்லை. இருவருக்கும் அது தெரியும். இருந்தாலும் கொற்றி கல்லை எண்ணிப் பார்த்து, அவர் திரும்பும் நேரத்தைக் கணக்கிட்டு, உப்பிட்ட மோருடன் வாயிலில் நிற்பார். வந்தவர் குடித்துவிட்டுக் கற்களைத் தம் கையாலேயே எடுத்து அப்பால் வைப்பார். போனவர் திரும்பிவிட்டார் என்பதற்கு அதுவே அடையாளம்.

பதினெட்டு ஆண்டுகள் சமைத்துப் போட்டவருக்குக் கால்சத்தம் மறக்குமா? வீட்டுக்குள் இருந்தபடியே, இப்போது ஓடுகிறவர் இன்னார் என்று கொற்றி சொல்லிவிடுவார். முன்பெல்லாம் மழைத்துளி போல் முன்பாதத்தில் விழுந்த சத்தம், மெல்ல மெல்லக் குதிகாலுக்கு இறங்கியது. பிறகு ஓடுகிறவரின் மூச்சு, அவர் காலுக்கு முன்னரே கேட்கத் தொடங்கியது. ஒருநாள் பொறுக்கமாட்டாமல் ஒரு பானைத் தினைக்கஞ்சியைத் தலையில் வைத்துக்கொண்டு கால்மனைக்குப் போனார். அரச இலை விழும் இடத்தில் வேறு அடுப்பின் உணவு நுழையலாகாது என்று வாயிலில் பணிவாகவே திருப்பி அனுப்பினார்கள்.

அடுத்த பங்குனியில் நாற்பதின்மரில் பதினேழு பேருக்கு மணி ஒலிக்கும் முன் வட்டில் மூழ்கிவிட்டது. மடைப்பள்ளி நாயகம் கவலை கொண்டார். வலுக் குறைந்துவிட்டது போலும் என்று நெய்யை ஒன்றரைப் பங்காக்கினார். விடங்கன் வேறு வழி கண்டார். அவர் தலைவர், மணியை அடித்துவிட்டிருந்தார், ஆனால் மயிரிழையில். ஆகவே விடியலில் ஒருமுறை, வெயில் சாயும்போது ஒருமுறை, இடுப்பில் மணல்பை கட்டிக்கொண்டு படி ஏறினார். மற்றவர்களையும் ஏறச் செய்தார். உண்ட தவற்றை ஓடித் தீர்த்துவிடலாம் என்று நம்பினார். ஓடியதால் பசி கூடியது. பசிக்கு விழுந்ததோ மறுபடியும் அதே இலை. மூட்டு வீங்கியது. படியேறி இறங்கிய பின் மார்பைப் பிடித்துக்கொண்டு நிற்பது வழக்கமாயிற்று.

அந்நாட்களில் ஒருமுறை மோரைக் கையில் கொடுத்துவிட்டுக் கொற்றி கேட்டார். "ஏன் தம்பி, வேணாம்னு ஒரு சொல் சொன்னா என்ன? தலையையா வாங்கிடுவாரு?"

விடங்கன் சிரித்தார். "வாங்கமாட்டாரு, அக்கா. அதுதானே தொல்லை. அடிக்கிற கையைத் தட்டிவிடலாம். ஊட்டுற கையை எப்படித் தட்டுறது? எனக்கு வாய் வரலை. கால்தான் சொல்லுது."

கொற்றி அன்றிரவு முடிவு செய்து, அரசர் குடிகளின் முறையீடு கேட்கும் அடுத்த நாளிலேயே அவைக்கு வந்தார். கையில் மூடியிட்ட கலத்தில் கொள்ளுச்சாறும் களியும் இருந்தன. இதை ஒரு வாய் உண்டு பாருங்கள், பிறகு நான் சொல்வதைக் கேளுங்கள் என்று சொல்ல வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்தார். அவருடைய முறை வந்தது. அரசர் அவரை அடையாளம் கண்டு, எல்லார் முன்னிலையிலும் எழுந்து வணங்கினார். நகரைக் காத்த கால்களை வளர்த்த தாயல்லவா என்றார். வீடு ஒழுகாமல் இருக்கிறதா, சேலை பிடித்திருக்கிறதா, அடுப்புப் புகையில் இருமிய இருமல் நின்றதா என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். இவ்வளவு அன்பானவரிடம், உங்கள் அன்புதான் அவர்களைக் கெடுக்கிறது என்று எப்படிச் சொல்வது? கொற்றி மனப்பாடம் செய்ததை விட்டுவிட்டார். எல்லாம் நலம் என்று சொன்னார். கலத்தில் என்ன என்று அரசர் கேட்டதற்கு, கோயிலுக்குக் கொண்டுபோகிறேன் என்றார். சொன்ன சொல் பொய்யாகக் கூடாதென்று மலையேறி அக்களியை இறைவன் முன் வைத்தார். தாம் சொல்லாததை இறைவனாவது அரசருக்குச் சொல்லட்டும் என்று வேண்டிக்கொண்டு இறங்கினார். இறைவன் நமக்கு வாய் கொடுத்திருப்பது எதற்கு என்பதை அவர் பிறகுதான் நினைத்து அழுதார்.

சென்ற ஐப்பசியில் மழை பதினோரு நாள் விடாமல் பெய்தது. பன்னிரண்டாம் நாள் அரசரின் பிறந்தநாள். மழை விட்டிருந்தது. கால்மனையில் நடுப்பகலில் பெருஞ்சோறு. பணியாரத்தில் மட்டும் ஏழு வகை. ஓட்டர்கள் உண்டுகொண்டிருக்கையில் மேல்குன்றுப் பேரேரியின் காவலரிடமிருந்து செய்தி வந்தது. கரையின் தெற்குமூலையில் நீர் கசிகிறது. மண் சேறாகிக் கழன்று விழுகிறது. பொழுது சாயும் முன் உடைப்பெடுக்கலாம். கீழே தாழைப்பள்ளியில் இருப்பவர்களை உடனே மேட்டுக்கு ஏற்ற வேண்டும். தாழைப்பள்ளிக்கு மூன்று குன்று. ஏரியிலிருந்து ஊருக்கு இறங்கும் வழியும் கீழ்ப்பாதையும் வெள்ளத்தில் இருந்தன. குன்றுப்படியில் குதிரை ஏறாது.

விடங்கன் அந்த வழியை ஆறு நாழிகையில் கடந்தவர். தம்மைவிடக் கனத்துப்போன மற்றவர்களில் எவரை அனுப்புவது? தாமே போவதென்று முடிவு செய்தார். ஆனால் அவருடைய இலையில் இன்னும் இருந்தது. அரசரின் பிறந்தநாள் இலை. அதை மடிக்காமல் எழலாகாது. அவர் குனிந்து, இருந்த அத்தனையையும் விரைவாக உண்டு முடித்து, இலையை மடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு ஓலையை இடுப்பில் செருகினார். அதுவரை ஓலையைக் கையில் வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் நின்றவர் மடைப்பள்ளி நாயகம். எழுந்து போ, இலை கிடக்கட்டும் என்று சொல்லத் தமக்கும் தோன்றவில்லையே என்று அம்மனிதர் இன்றும் தம் நெற்றியில் அடித்துக்கொள்கிறார்.

கொற்றி வாயிலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கனத்த கால்சத்தம் பாதையில் ஏறி வந்தது. விடங்கன் நிற்கவில்லை. ஓடிக்கொண்டே கையை வீசினார். மூன்று கற்கள் வாயிற்படியில் வந்து விழுந்தன. ஒன்று உருண்டு அவருடைய முறத்தின் மேல் நின்றது. இன்று பெருஞ்சோற்று நாள் என்பதும், இப்போதுதான் இலை மடித்திருப்பார்கள் என்பதும் கொற்றிக்குத் தெரியும். மூன்று கல். கீரையைப் போட்டது போட்டபடி, சுரைக்குடுக்கையில் மோரை ஊற்றிக்கொண்டு பின்னால் ஓடினார். நில் தம்பி, நில் என்று கத்தினார். முதற்குன்றின் பாதி வரை ஓடினார். ஐம்பது வயதில் எவ்வளவு ஓட முடியும்? பாறையில் உட்கார்ந்தவருக்கு, மேலே அந்தக் காலடியின் சத்தம் சிறிது சிறிதாக இடைவெளி விட்டுக் கேட்டது.

இரண்டாம் குன்றில் விடங்கன் வாந்தி எடுத்தார். மூன்றாம் குன்றின் ஏற்றத்தில் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். கடைசி இறக்கத்தில் கைகளையும் ஊன்றி இறங்கினார் என்பதை அங்கே ஆடு மேய்த்தவர்கள் பார்த்துச் சொன்னார்கள். ஆறு நாழிகை வழியைக் கடக்கப் பதினோரு நாழிகை ஆயிற்று. ஏரி எட்டாம் நாழிகையில் உடைந்துவிட்டது. அவர் போய்ச் சேர்ந்தபோது தாழைப்பள்ளியின் கூரைகள் மரங்களில் தொங்கின. ஓலையைக் கொடுக்க அங்கே ஊர்த்தலைவர் இல்லை. பத்தொன்பது பேர் வெள்ளத்தில் போனார்கள். ஈரச் சேற்றில் உட்கார்ந்திருந்த ஒருத்தி, மடியில் கிடந்த தன் பிள்ளையின் தலையைத் துவட்டிக்கொண்டே, எதற்காக வந்தாய் அண்ணா என்று விடங்கனைக் கேட்டாள். அவர் ஓலையை எடுத்து நீட்டினார். அவளுக்கு எழுத்துத் தெரியாது. அவர் அதைத் தாமே படித்துக் காட்டினார். மேட்டுக்கு ஏறுக என்னும் சொல்லுக்கு மேல் அவரால் படிக்க இயலவில்லை.

அவரைக் கட்டிலில் சுமந்துவந்து, அவர் வேண்டிக்கொண்டபடி கொற்றியின் வீட்டில் கிடத்தினார்கள். அரண்மனை மருத்துவர் வந்து பார்த்து, நெஞ்சு தளர்ந்துவிட்டது, கொழுப்பும் களைப்பும் சேர்ந்து அதை முறித்துவிட்டன என்றார். கொற்றி எட்டு நாள் அவர் பக்கத்தைவிட்டு அகலவில்லை. தினையை வறுத்துக் குத்தி, நீர்க்கக் கஞ்சி காய்ச்சி, குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடையால் சிறிது சிறிதாக வாயில் விட்டார். ஒவ்வொரு முறையும் அவர் விழுங்கினார். வேண்டுமா என்று கேட்டால் கண்ணை மூடித் திறப்பார். எட்டாம் நாள் காலையில், நான்கு பாலாடை இறங்கிய பின், விடங்கன் கையை மெல்லத் தூக்கிக் கொற்றியின் மணிக்கட்டில் வைத்தார். "போதும், அக்கா" என்றார். கொற்றி பாலாடையைக் கீழே வைத்தார். மூன்று கற்களும் படியிலேயே இருந்தன. அவற்றை எடுத்து அப்பால் வைக்க விடங்கன் மீண்டும் எழவில்லை.

அரசர் நடந்தே வந்தார். சங்கு ஊத வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கொற்றியின் வாயிலில் நின்று, அன்று அவைக்கு வந்தவர் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டார். சினந்து கேட்கவில்லை. நீங்கள் என் இருமலைப் பற்றிக் கேட்டீர்கள், அதன்பின் எனக்கு வாய் வரவில்லை என்று கொற்றி உண்மையைச் சொன்னார். விடங்கன் இறுதியாக என்ன சொன்னார் என்று அரசர் கேட்டார்.

"போதும் அக்கான்னு சொன்னான், மகாராசா. அந்த ஒரு சொல்லைச் சொல்ல அவனுக்கு இவ்வளவு தூரம் ஓட வேண்டியிருந்துச்சு."

அரசர் அவ்விடத்திலேயே தரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர், எனக்குப் பசிக்கிறது, நீங்கள் இவர்களுக்குப் போட்டுவந்ததை எனக்கும் போடுங்கள் என்றார். கொற்றி அவரைக் கால்மனைக்கு அழைத்துச்சென்று, பழைய அடுப்பில் சாம்பலை அள்ளிவிட்டு நெருப்பு மூட்டினார். ஓட்டர்கள் முப்பத்தொன்பதின்மரும் வரிசையாக உட்கார, நாற்பதாவது இலையில் அரசர் உட்கார்ந்தார். களியும் கொள்ளுச்சாறும் கீரையும் விழுந்தன. நீங்கள் இன்று எத்தனை குன்று ஏறினீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் கொற்றி அரசருக்கும் பரிமாறினார். ஏறவில்லை என்றதும் களியைக் குறைத்தார். அரசர் உண்டார். கொற்றி மறுபடி அகப்பையை நீட்டியபோது, இலையின் மேல் கையை விரித்து, போதும் என்று எல்லார்க்கும் கேட்கச் சொன்னார். பின்னர் ஒரு பிடி களியை இலையில் அப்படியே விட்டார். உடன் வந்திருந்த அவையோர் திடுக்கிட்டார்கள். உணவை வீணாக்கியவரும் ஆகலாகாது என்று அந்தப் பிடியைத் தம் கையாலேயே எடுத்துப் போய்க் காக்கைக்கு வைத்தார். வெறும் இலையை மடிக்காமலே விட்டார். அதைப் பார்த்த பிறகுதான் ஓட்டர்களில் ஒருவர் மெல்லத் தம் கையை விரித்தார். பிறகு இன்னொருவர். சிலர் அப்போதும் அழுதுகொண்டே முழுவதையும் உண்டார்கள். பழக்கம் ஒருநாளில் விடுவதில்லை.

ஆகவே, அரசே, தாங்கள் கேட்ட பண்டங்களின் வகையை அனுப்புவதற்கில்லை. உடலை ஓர் இலக்குக்கு ஆயத்தம் செய்ய விரும்புகிறவருக்கு ஓட்டம் பாதி என்றால் உணவு மறுபாதி. அவ்வுணவைச் சிறப்புச் செய்வதாக எண்ணி நாங்கள் கெடுத்தோம். விலை உயர்ந்தது வலுத் தரும் என்று நினைத்தோம். குவித்து வைப்பது அன்பு என்று நினைத்தோம். கொற்றி நாள்தோறும் கேட்ட ஒரு கேள்வியை, நாளை எவ்வளவு தூரம் என்னும் அந்தச் சிறு கேள்வியை, நாங்கள் ஒருநாளும் கேட்கவில்லை.

இப்போது முகிலைநாட்டில் நடந்துவரும் ஆணை இது. கால்மனை அடுக்களை கொற்றியின் பொறுப்பு. அதில் அரசரும் தலையிடார். எவர் இலையில் எவர் பரிமாறினும் கேட்டே பரிமாறுக. உண்கிறவர் போதும் என்று சொன்னால், அது அரச இலையே ஆயினும், அவமதிப்பு ஆகாது. அதற்கு மேல் வைப்பதே அவமதிப்பு ஆகும். கடமை அழைத்தால் இலையை விட்டு எழுக, கேட்பார் இல்லை. தாழைப்பள்ளியில் எஞ்சியவர்களுக்கு மேட்டில் வீடு கட்டி முடியும் வரை அரசரின் மடைப்பள்ளி அவர்களுக்கே சமைக்கும். ஆண்டுதோறும் தம் பிறந்தநாளில் அரசர் அங்கே போய், பத்தொன்பது பெயரையும், இருபதாவதாக விடங்கனின் பெயரையும் சொல்லி விளக்கேற்றுவார்; அன்று நாட்டில் பெருஞ்சோறு இல்லை.

இவ்வோலையுடன் ஒரு பை தினையும், ஒரு பை கேழ்வரகும், கொற்றியின் வாயிற்படியில் கிடந்த மூன்று கூழாங்கற்களும் வருகின்றன. அரசர் கேட்டபோது அவர் முதலில் தர மறுத்தார். பின்னர், இன்னொரு நாட்டு அடுக்களைக்கென்றால் எடுத்துப் போங்கள் என்று கழுவித் துடைத்துத் தந்தார். அவற்றைத் தங்கள் ஓட்டர்களின் அடுக்களை வாயிலில் வைக்க வேண்டுகிறோம்.

இன்னும் ஒரு வேண்டுகோள் உண்டு. இவ்வோலையைக் கொணர்ந்த ஓட்டர், அன்று கால்மனையில் முதலில் கையை விரித்தவர். தங்கள் நாட்டு விருந்தோம்பலை நாங்கள் அறிவோம். அவருக்கு இலை போடும் முன், திரும்பிப் போக எத்தனை குன்று என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் போதும் என்றால், நிறுத்திவிடுங்கள்.

நள்ளிச்செம்மலார் திருவாய் மலர்ந்தபடி தை முதல் நாள் எழுதி, அவர் செவியில் இருமுறை படித்து, ஒரு சொல்லும் நீக்காமல், அவர் முன்னிலையில் மலைமுத்திரை இட்டு விடுக்கப்பட்டது. படித்தவர்க்கும் கேட்டவர்க்கும் இறைவன் துணை நிற்க.